ஒற்றைக் கண்ணனின் விலாசம்

குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். பெண்ணாக இருந்தால் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். நெற்றி நடுவில் ஒரே ஒரு கண். பள்ளிக்கூடத்தில் சைக்ளாப்ஸ் என்று படித்திருப்போமே, அதுதான் இது. கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். இதன் கூட்டத்துக்கு மொத்தமாகக் கோபிபாட் என்று பெயர். 'துடுப்புக் கால்' என்று பொருள்.

கொஞ்ச நாளாக இந்த நன்னீர்க் கோபிபாட்களின் பரவல் பற்றிய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த இனம் எந்த ஏரியில், எந்தக் கிணற்றில், எந்த நாட்டில் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல்கள். இதுல படிக்க என்ன இருக்குன்னு கேட்கலாம். படிக்கப் படிக்கத் தெரிந்தது: இந்தப் பட்டியல்களுக்குள் ஒரு நோயின் வரலாறே ஒளிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடங்கள் மனிதர்களைப் படுக்கவைத்த ஒரு நோயை, மருந்தும் தடுப்பூசியும் இல்லாமலே நம் நாட்டிலிருந்து விரட்ட முடிந்தது. இந்தப் பூச்சியின் விலாசம் தெரிந்ததால்தான் அது நடந்தது.

பெயர் வைத்த கதை

டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஃப்ரீட்ரிக் மியுல்லர் 18ஆம் நூற்றாண்டில் குளத்து நீரை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தவர். சைக்ளாப்ஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அதே தண்ணீரில் மூன்று ஜோடிக் கால்களோடு இன்னும் சின்னதாக ஒன்று நீந்துவதைப் பார்த்து, அது வேறு விலங்கு என்று நினைத்து நாப்லியஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார். உண்மையில் அது சைக்ளாப்ஸின் குட்டி. ஜெனீவா மருத்துவர் லூயி ஜூரின் இந்த உயிர்களைப் பொறுமையாக வளர்த்து, முட்டையிலிருந்து பெரியதாகும் வரை தோலுரித்துத் தோலுரித்து மாறுவதைக் கவனித்து எழுதினார். அவர் புத்தகம் 1820இல், அவர் இறந்த மறு வருடம் வெளிவந்தது. மியுல்லர் வைத்த பெயர் மட்டும் அழியவில்லை. இன்றைக்கும் இறால் பண்ணைக்காரர்கள் குஞ்சின் முதல் பருவத்தை 'நாப்லி' என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த கேள்வி, இவை எங்கெல்லாம் இருக்கின்றன என்பது. நார்வேக்காரர் கேயார்க் ஓசியன் சார்ஸ் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வற்றிப்போன குளங்களின் காய்ந்த சேற்றைக் கப்பலில் வரவழைப்பார். கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், தொட்டித் தண்ணீரில் அதைக் கரைத்துவிட்டுக் காத்திருப்பார். சில நாளில் உலகத்தின் மறுகோடி உயிர்கள் அவர் தொட்டியில் நீந்தும். பல கோபிபாட்களின் முட்டைகள் சேற்றுக்குள் காய்ந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கும். சைக்ளாப்ஸ் வகைகளில் பல, பாதி வளர்ந்த பருவத்திலேயே சேற்றில் உறங்கும். கோடையில் கட்டாந்தரையாகக் கிடக்கும் நம்மூர்க் கண்மாய், மழை பெய்து ஒரு வாரத்தில் பூச்சிகளால் நிறைவது இப்படித்தான்.

2008இல் எடுத்த உலகக் கணக்கின்படி நன்னீரில் வாழும் கோபிபாட் இனங்கள் 2,800க்கு மேல். பெரும்பாலானவை மூன்று பெரிய பிரிவுக்குள் அடங்கும். நீண்ட உணர்கொம்போடு ஏரியின் நடு நீரில் மிதந்து, பாசியை வடிகட்டித் தின்பவை காலனாய்டுகள். சேற்றிலும் மணலிலும் ஊர்பவை ஹார்ப்பாக்டிகாய்டுகள். குட்டை, கரையோரம், கிணறு என்று கிடைத்த இடத்தில் வாழ்ந்து, இரையைத் தாவிப் பிடித்துத் தின்பவை சைக்ளோபாய்டுகள். நேபாளத்தில் யாலா பனியாற்றின் பனிக்கட்டியில்கூட கிளாசியெல்லா யாலென்சிஸ் என்றொரு கோபிபாட் வாழ்கிறது. தென்கோளத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அண்டார்டிகா பக்கம் போனால் பியோக்கெல்லா இனங்கள். இந்தியா, இலங்கைக் குளங்களில் டயாப்டோமஸ் குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

மூன்று பிரிவில் நமக்கு வேண்டியது மூன்றாவது. எதிர்ப்பட்ட சின்ன உயிரைத் தாவி விழுங்கும் அந்தக் குணம்தான் மனிதர்களுக்கு வினையாக முடிந்தது.

நரம்பு என்று நினைத்தது

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய். இந்தத் தலைமுறைக்குத் தெரிய வாய்ப்பில்லை, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலில் ஒரு கொப்புளம் வரும், நெருப்பு வைத்தது போல் எரியும். உடைந்தால் உள்ளிருந்து வெள்ளை நூல் போல ஒன்று தலைநீட்டும். மெல்ல இழுத்துக் குச்சியில் சுற்ற வேண்டும், நாளைக்கு ஒன்றிரண்டு அங்குலம். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் சீழ் வைத்துக் கால் வீங்கிவிடும். முழுசாக வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். நீளம் எண்பது சென்டிமீட்டர், ஒரு மீட்டர் கூட இருக்கும்.

பெயரைக் கவனியுங்கள். அரபு மருத்துவர்கள் இதை மதீனா நரம்பு என்றார்கள். லத்தீன்காரர்கள் அதையே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். சமஸ்கிருத மருத்துவத்தில் ஸ்நாயுகம், அதாவது தசைநார். இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் நாரு, நஹாருவா எல்லாம் அந்தச் சொல்லின் வழிவந்தவை. தமிழில் நரம்புச் சிலந்தி. இத்தனை மொழிக்காரர்களும் வெளியே வருவது நரம்போ என்றுதான் முதலில் மிரண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலும் அது புழுவே இல்லை என்று வாதிட்டார். பாரசீகம் பேசிய மத்திய ஆசியாவில் மட்டும் நேராக ரிஷ்தா என்றார்கள். நூல் என்று அர்த்தம்.

1558இல் புகாரா நகரத்துக்கு வந்த ஆங்கில வணிகர் ஆந்தனி ஜென்கின்சன், அந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் காலில் நீளமான புழு உண்டாகிறது என்று எழுதி வைத்தார். ஆக, தண்ணீர்தான் காரணம் என்ற சந்தேகம் பழையது. ஆனால் தண்ணீரிலிருந்து புழு எப்படிக் காலுக்கு வருகிறது? அதில் நிற்கும்போது தோலைத் துளைத்து நுழைகிறது என்று பலர் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது, வெளியே வருவது காலில்தானே!

சமர்க்கண்டில் ஓர் இளைஞர்

அலெக்சி ஃபெட்சென்கோ ரஷ்ய இயற்கையியலாளர், பிறந்தது 1844. சமர்க்கண்ட் ரஷ்யாவின் கைக்கு வந்த 1868லேயே துருக்கிஸ்தான் ஆய்வுப் பயணத்துக்குக் கிளம்பினார். தாவரவியலாளரான மனைவி ஓல்காவும் கூடவே போனார். லைப்சிக்கில் இருந்த ஒட்டுண்ணி அறிஞர் ருடோல்ஃப் லாய்க்கார்ட், மீனின் வயிற்றில் வாழும் ஒரு புழு தன் இளம்பருவத்தைச் சைக்ளாப்ஸுக்குள் கழிப்பதை ஏற்கெனவே கண்டிருந்தார். ரிஷ்தாவையும் அங்கே தேடிப் பார் என்பது அவர் கொடுத்த யோசனை.

ஃபெட்சென்கோ தேடினார். நோயாளியின் காலிலிருந்து வந்த புழுவின் குஞ்சுகளைச் சைக்ளாப்ஸ் இருந்த நீரில் விட்டார். குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடலுக்குள் சுருண்டு கிடப்பதையும், உள்ளேயே தோலுரித்து வளர்வதையும் கண்டார். 1870இல் அதை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். ஒரு விலங்கின் உடம்பு வழியாக மனித நோய் கைமாறுகிறது என்ற எண்ணமே அப்போது புதிது. கொசுவும் மலேரியாவும் சேர்த்துப் பேசப்பட இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. ஃபெட்சென்கோ அதையெல்லாம் பார்க்கவில்லை. 1873இல் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் பகுதியில் பனியாற்றின் மேல் ஏறும்போது இறந்தார். வயது 29.

மீதிச் சங்கிலியைக் கோத்தவர் ராபர்ட் லைப்பர். 1905இல் இங்கிலாந்திலிருந்து கோல்ட் கோஸ்ட்டுக்கு, இன்றைய கானாவுக்கு அனுப்பப்பட்டார். இரைப்பையில் இருப்பது போன்ற லேசான அமிலத்தில் புழு தொற்றிய சைக்ளாப்ஸைப் போட்டார். சைக்ளாப்ஸ் செத்தது, உள்ளே மயங்கிக் கிடந்த குஞ்சுகள் துடித்துக்கொண்டு வெளியே வந்தன. பிறகு அப்படிப்பட்ட சைக்ளாப்ஸை வாழைப்பழத்துக்குள் வைத்து ஒரு குரங்குக்குக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அதன் உடலைத் திறந்தபோது உள்ளே புழுக்கள் இருந்தன.

இப்போது சங்கிலி முழுசாகத் தெரிந்தது. எரியும் காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்குகிறார். குளிர்ந்த நீர் பட்டதும் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கக்குகிறது. சைக்ளாப்ஸ் அவற்றை இரையென்று விழுங்குகிறது. இரண்டு வாரத்தில் குஞ்சு தயார். அந்தத் தண்ணீரை யாரோ குடிக்கிறார்கள். ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் அவர் காலில் கொப்புளம்.

படிக்கட்டுகள் செய்த வேலை

இந்தச் சங்கிலி ஓட நான்கு விஷயம் ஒரே இடத்தில் சேர வேண்டும்: தேங்கிய நீர், அதில் சைக்ளோபாய்டு, அதில் இறங்கும் கால், அதையே குடிக்கும் வாய். ஓடும் ஆற்றில் இது நடப்பது கடினம். கயிறும் ராட்டினமும் போட்டு இறைக்கும் கிணற்றிலும் நடக்காது, அங்கே யாரும் கால் நனைப்பதில்லை. படி இறங்கிப் போய் மொள்ளும் நீர்நிலைதான் இதற்கு வாகான இடம்.

புகாராவில் அப்படிப்பட்ட கல்படிக் குளங்கள் ஊரெங்கும் இருந்தன. ஹவுஸ் என்பார்கள். தண்ணீர் விற்பவர்கள் படியிறங்கித் தோல்பைகளில் மொண்டு வீடு வீடாகக் கொடுப்பார்கள். 1920களில் லியோனிட் இசாயெவ் என்ற சோவியத் மருத்துவர் அங்கே பொறுப்பேற்றார். நோயாளிகளைத் தேடிப் புழுவை எடுத்தார்கள். குளங்களை வற்றவைத்தார்கள், மூடினார்கள், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1931க்குப் பிறகு புகாராவில் ரிஷ்தா இல்லை. மனித நோய் ஒன்றை ஒரு வட்டாரத்திலிருந்து வேரோடு களைந்த ஆரம்பகால வெற்றிகளில் இதுவும் ஒன்று. ஆனால் வெளி உலகம் இதை அதிகம் கண்டுகொள்ளவில்லை.

அதே காலத்தில் நமக்குப் பக்கத்திலேயே, மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், வி. என். மூர்த்தியும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஸ்வீட்டும் படிக்கிணறுகளின் நீரை எடுத்துச் சோதித்தார்கள். கிணற்றில் இயற்கையாக வாழும் சைக்ளாப்ஸுக்குள்ளேயே புழுக்குஞ்சுகளைக் கண்டார்கள். ஆய்வகத்தில் ஊட்டிப் பார்ப்பது வேறு, ஊர்க் கிணற்றில் கையும் களவுமாகப் பிடிப்பது வேறு. அப்புறம் அவர்கள் செய்ததுதான் அழகு: சைக்ளாப்ஸைத் தின்னும் சின்ன மீன்களைக் கிணறுகளில் விட்டார்கள். 1936இல் அந்த முறையை எழுதியும் வைத்தார்கள்.

இந்திய அரசின் ஒழிப்புத் திட்டம் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அப்போது ஏழு மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட கிராமங்கள், வருடத்துக்குச் சுமார் 40,000 நோயாளிகள். அந்த ஏழில் தமிழ்நாடும் ஒன்று. 1980களின் நடுவிலேயே விடுபட்டுவிட்டது. ராஜஸ்தான் போன்ற இடங்களில் இழுத்தது. அங்கே கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, மிச்சமுள்ள நீரில் பூச்சி அடர்ந்துகொண்டே போகும். நோய் உச்சத்துக்கு வருவதும் மழைக்கு முந்தைய அந்த மாதங்களில்தான். ஏர் பூட்ட வேண்டிய நேரத்தில் வீட்டுக்காரர் காலை நீட்டிக்கொண்டு கிடப்பார். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடச் சோறு போனது என்று அர்த்தம்.

செய்த வேலைகள் எளிமையானவை. வீடு வீடாக நோயாளியைத் தேடினார்கள். காலில் புழு உள்ளவர் நீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். படிக்கிணறுகளைச் சுவர் எழுப்பி இறைகிணறாக மாற்றினார்கள். ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் போட்டார்கள். குளத்தில் டெமிஃபாஸ் என்ற மருந்தை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் கலந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குடத்தின் வாயில் துணி கட்டி வடிகட்டச் சொன்னார்கள். ஒரு மில்லிமீட்டர் பூச்சி நெருக்கமாக நெய்த துணியைத் தாண்டாது. தண்ணீரில் உள்ள உயிர் சாகக் கூடாதென்று சமணர்கள் காலகாலமாகத் துணியில் வடிகட்டிக் குடித்து, துணியில் தங்கியதைத் திரும்ப நீரிலேயே விட்டுவருகிறார்கள். பூச்சியைக் காப்பாற்ற எடுத்த துணி ஆளையும் காப்பாற்றியிருக்கிறது.

கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

எந்தச் சைக்ளாப்ஸ்?

இதுவரை சைக்ளாப்ஸ் என்று ஒரே பெயரில் சொல்லிவந்தேன். மருத்துவ நூல்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லின. ஆனால் சைக்ளோபாய்டுகளில் ஆயிரம் இனம் இருக்கின்றன. புழுவைச் சுமப்பவை அவற்றில் மிகச் சிலதான்.

இதைப் பிரித்துப் பார்த்தவர்களில் ஒருவர் நைஜீரியாவின் சான்யா ஒனபமிரோ. தென்மேற்கு நைஜீரியாவின் ஒரு கிராமத்தில் நோயைச் சுமப்பது தெர்மோசைக்ளாப்ஸ் நைஜீரியானஸ் என்ற இனம் என்று 1951இல் எழுதினார். பின்னாளில் அரசியலுக்குப் போய் மேற்குப் பிராந்தியத்தின் கல்வி அமைச்சரானார். டிரோபோசைக்ளாப்ஸ் ஒனபமிரோயி என்ற கோபிபாட் அவர் பெயரைச் சுமக்கிறது.

இந்தியக் கட்டுரைகளிலோ நோய் கடத்தும் இனமாக மீசோசைக்ளாப்ஸ் லாய்க்கார்ட்டி என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். 1857இல் கார்ல் கிளவுஸ் விவரித்த இனம் அது. பெயர் யாருடையது என்று தெரிகிறதா? ஃபெட்சென்கோவுக்கு வழிகாட்டிய அதே லாய்க்கார்ட். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகம் முழுக்க அந்த ஒரே இனம் இருப்பதாகத்தான் எல்லாரும் எழுதிவந்தார்கள்.

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃப்ரீட்ரிக் கீஃபர் வாழ்நாள் முழுக்கக் கோபிபாட்களைப் பார்த்தவர். 1932இல் வட இந்தியாவில் சேகரித்த யேல் பல்கலைக்கழக ஆய்வுப் பயணத்தின் மாதிரிகளும் அவரிடம்தான் போயின. 1981இல், எண்பதைத் தாண்டிய வயதில், லாய்க்கார்ட்டி என்று ஒட்டப்பட்ட சீட்டுகளையெல்லாம் மறுபடி பிரித்துப் பார்த்தார். ஒன்று என்று நினைத்தது ஒரு கூட்டமாக இருந்தது. கால்களை இணைக்கும் தகட்டின் முட்கள், பெண்ணின் விந்துப் பையின் வடிவம் என்று நுண்ணிய வேறுபாடுகள். உண்மையான லாய்க்கார்ட்டியின் எல்லை முக்கியமாக ஐரோப்பாவும் அதை ஒட்டிய ஆசியப் பகுதிகளும். இந்தியக் குளங்களில் இருப்பவை ஆஸ்பெரிகார்னிஸ், தெர்மோசைக்ளோபாய்டஸ் போன்ற வேறு இனங்கள். நம் கிணற்றில் இருந்தவனை ஒரு நூற்றாண்டாக வேறொருவன் பெயரில் கூப்பிட்டிருக்கிறோம்.

பேர்ல என்ன இருக்கு என்கிறீர்களா? அதே 1981இல் டஹீட்டித் தீவில், மீசோசைக்ளாப்ஸ் ஆஸ்பெரிகார்னிஸ் கொசுப் புழுக்களை வேட்டையாடித் தீர்ப்பதை ரிவியேரும் திரெலும் வெளியிட்டார்கள். நீர்த்தொட்டியில் இந்தப் பூச்சியை விட்டால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முதல் பருவப் புழுக்களைக் கடித்துக் கொன்றுவிடும். எல்லாக் கோபிபாட்டும் இதைச் செய்யாது. பாசி தின்னும் காலனாய்டை விட்டால் பயனே இல்லை. சைக்ளோபாய்டிலும் சின்ன இனங்களால் முடியாது. வியட்நாமில் வு சின் நாமும் ஆஸ்திரேலியாவின் பிரையன் கேயும் உள்ளூர் மீசோசைக்ளாப்ஸ் இனங்களை ஊர் மக்கள் கையாலேயே தொட்டிகளில் விடவைத்தார்கள். 2005இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 37 ஊராட்சிகளில் 32இல் ஏடிஸ் ஈஜிப்டை கொசு அற்றுப்போயிருந்தது.

ஒரு நாட்டில் துணி கட்டி வடிகட்டிய பூச்சியின் நெருங்கிய சொந்தத்தை, இன்னொரு நாட்டில் குவளையில் எடுத்துத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். எதை வடிகட்ட வேண்டும், எதை வளர்க்க வேண்டும் என்று சொல்ல யாராவது ஒருவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து முள்ளை எண்ணியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஆந்திராவின் ஒய். ரங்கா ரெட்டி அப்படி உட்கார்ந்தவர். டயாப்டோமஸ் குடும்பத்துக்கு அவர் எழுதிய அடையாளக் கையேடு 1994இல் வந்தது. நிலத்தடி நீரிலிருந்தும் புது இனங்களைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்.

நரம்புச் சிலந்தி உலகத்திலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. 1986இல் வருடத்துக்கு 35 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 2023இல் உலகம் முழுக்க 14 பேர். ஆனால் சாட் நாட்டில் நாய்களுக்கும் இந்தப் புழு வருவது 2012இல் தெரியவந்தது. புழுக்குஞ்சைச் சுமந்த மீன், தவளை போன்றவற்றை நாய் தின்பதால் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மீன் குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள், நாயைக் கட்டிவைக்கச் சொல்கிறார்கள். எந்தக் குட்டையில் எந்தச் சைக்ளோபாய்டு, அதை எது தின்கிறது என்ற பழைய கேள்விகளோடு ஆய்வாளர்கள் மறுபடி கரையில் நிற்கிறார்கள்.

நம் மாவட்டக் கண்மாய், ஊருணிகளின் கோபிபாட் பட்டியல் எங்காவது பழைய ஆய்வேட்டில் கிடைத்தால், தூசி தட்டிப் படித்துப் பாருங்கள். லாய்க்கார்ட்டி என்று எழுதியிருந்தால் மட்டும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.